சடை வெட்டின கெட்டில்

ஏலே,

நேத்து சாயங்காலம் நீ பேசிட்டு வச்ச பிறகு, செல்போன அடுப்பு மேடையில வச்சுட்டு நான் அப்படியே நின்னேன். பால் பொங்கி வழிஞ்சது கூடத் தெரியல. தங்கச்சி கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்துருவேன்னு சொன்னே, சந்தோசம். பந்தல்காரர்கிட்ட நீயே பேசிக்கிறேன்னு சொன்னே, அதுவும் சரி. கடைசியில, வைக்கப்போற நேரத்துல, கடையில உப்பு வாங்கி வைன்னு சொல்ற மாதிரி ஒண்ணு சொன்னே பாரு: "அம்மா, மாமனார் வீட்டுலேருந்து எல்லாரும் வருவாக. அந்தக் கெட்டிலை மட்டும் அவுக கண்ணுல படாம எங்கனயாவது தூக்கிப் போட்டுரு. மறுபடியும் அந்தப் பேச்சு வேண்டாம்."

செல்லுலயே பதில் சொல்லியிருப்பேன். ஆனா என் குரல் ஏறுனா உனக்கு உடனே டவர் போயிரும். 'கேக்கலம்மா, அப்புறம் பேசுறேன்'னு வச்சிருவே. கடுதாசிய அப்படி நடுவுல வைக்க முடியாதுல்ல. எட்டாப்போட படிப்ப விட்டவ எழுத்து, கோணல்மாணலாத்தான் இருக்கும். உக்காந்து முழுசாப் படி.

எந்தப் பேச்சுலே மறுபடியும் வேண்டாம்? அந்தப் பேச்ச ஆரம்பிச்சது யாரு? அந்தக் கெட்டில் எதுக்குச் சடை போட்டுக்கிட்டு இருக்குன்னு உனக்குத் தெரியாததில்ல. தெரியாதவன் மாதிரிப் பேசுறே. அதனால முதல்லேருந்தே சொல்றேன். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில நான் திரி வெட்டிக்கிட்டு இருந்த காலத்துல, ஒரு நாள் வெட்டும்போதே திரி பத்திக்கிச்சு. வலது கைய இழுத்துக்கிட்டேன், இடது கை மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து வீடு வந்தப்போ இடது கை விரலெல்லாம் உள்ளங்கையோட சுருங்கி ஒட்டிப்போச்சு. கட்டைவிரல் மட்டுந்தான் அசையும். உங்கப்பா அதுக்கு முந்தியே காய்ச்சல்ல கண்ண மூடிட்டாரு. ஒத்தக் கையோட கம்பெனியில யாரு சேப்பாக? வீட்டுலயே டீ போட்டு, ஒரு பழைய அலுமினியக் கெட்டில்ல ஊத்திக்கிட்டு, காலண்டர், பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸு பிரஸ்ஸா ஏறி எறங்க ஆரம்பிச்சேன். நீ படிச்சது அந்த டீயில. அதச் சொல்லிக்காட்ட இத எழுதல. பெத்தவ பிள்ளைய வளக்குறது கடமை, அதுல பெருமை பேச ஒண்ணுமில்ல.

கெட்டிலை ஒரு கையால சாய்ச்சு இன்னொரு கையால மூடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் ஊத்துவாக. எனக்குப் பிடிக்கக் கை இல்ல. சாய்ச்சா மூடி நழுவி விழுந்துரும், டீ முழுக்க ஒரே பாய்ச்சலா வெளிய வந்துரும். ஒரு தடவை ஒரு பிரஸ்ஸுல, காயப்போட்டிருந்த காலண்டர் தாளு மேல கொட்டி, சாமி படமெல்லாம் பாழாப்போயி, இனிமே இந்தப் படி ஏறாதேன்னு விரட்டி விட்டாக. கம்பி போட்டுக் கட்டிப் பாத்தேன், கையக் கிழிச்சுச்சு. சணல்ல கட்டிப் பாத்தேன், நனைஞ்சு இறுகிக்கிரும், ஒவ்வொரு வாட்டியும் பல்லால கடிச்சு அவுக்கணும். அப்பத்தான் உன் தங்கச்சி மாரி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸுல கயிறு கட்டுற வேலைக்குச் சேந்திருந்தா. பத்திரிகையோட முதுகுல குஞ்சம் தொங்குமே, பட்டு நூலுல பூ மாதிரி முடிச்சு போட்டு, அந்த வேலை. வேலையில மிஞ்சுன துண்டுக் கயிற சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்து, ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்தா. மூடிக் குமிழச் சுத்தி நாலு இதழ்ல ஒரு பூ முடிச்சு. அதுலேருந்து ரெண்டு பக்கமும் ஒரு சடை. ஒரு சடை, கெட்டில் கைப்பிடி சேருற காதுல நிரந்தரமாக் கட்டியிருக்கும். இன்னொரு சடை முனையில ஒரு கண்ணி, அத அடுத்த காதுல மாட்டிக்கலாம், கழட்டிக்கலாம். என் கட்டைவிரல் ஒண்ணே போதும். டீ ஊத்தி நிரப்பிட்டு கண்ணிய மாட்டிட்டா, தலைகீழாக் கவுத்தாலும் மூடி அசையாது. செவப்பும் தங்கமுமா பின்னியிருந்தா. "ஏம்மா, கட்டுறதுதான் கட்டுறோம், அழகாக் கட்டுனா என்ன?"ன்னு கேட்டா.

மறுநாள் அத எடுத்துக்கிட்டுப் போனப்போ மிஷின்ல நின்ன ஆளுகளே கை வேலைய விட்டுட்டு வந்து பாத்தாக. அன்னையிலேருந்து என் பேரே மாறிப்போச்சு, தெருவுல நுழைஞ்சாலே "சடைக் கெட்டில் வந்துருச்சு"ம்பாக. நீ காலேஜு லீவுல வந்திருந்தப்போ, எதுத்த வீட்டுக்காரன் "கெட்டிலுக்கு பூவும் சடையுமா, சாமியாடப் போகுதோ"ன்னு கிண்டல் பண்ணுனான். நீ அவன் சட்டையப் பிடிச்சுட்டே. "என் தங்கச்சி போட்ட முடிச்சுடா, உன் வீட்டுல ஒருத்தி போடுவாளா?"ன்னு கத்துனே. நான்தான் ஓடி வந்து விலக்கி விட்டேன். உன்னயத் திட்டிக்கிட்டே உள்ள இழுத்துட்டு வந்தேன், ஆனா மனசு குளுந்து போச்சு. இப்பச் சொல்லு, அந்தப் பிள்ளை எங்கன போனான்? மெட்ராஸ்ல எந்த வேலையில, எந்த ஏசி ரூமுல அவனத் தொலைச்சே?

பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பாக்க வந்த நாளுக்கு வாரேன். வயசுப் பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு அண்ணனுக்கு முதல்ல கல்யாணமான்னு சொந்தக்காரங்க என்னய முகத்துக்கு நேரே கேட்டாக. மாரிதான் "அண்ணனுக்கு நல்ல இடம் வந்திருக்கும்மா, விட்றாத, எனக்கென்ன அவசரம்"ன்னு சொன்னா. விருதுநகர்ல பருப்பு மண்டி வச்சிருக்கிற குடும்பம். உன் வேலையப் பாத்து வந்தாக. நான் டீ வித்துத்தான் பிழைக்கிறேன்னு தரகர் முதல் நாளே சொல்லிட்டாரு, அவுக அதுக்கு ஒரு முகச்சுளிப்பு காட்டல. முகம் சுளிச்சது நீதான். காலையிலேருந்து வீட்ட ஒரு கண்ணால பாத்துக்கிட்டே சுத்துனே. பாயை மாத்தச் சொன்னே, காலண்டரைக் கழட்டச் சொன்னே, "அம்மா, அந்தக் கைய முந்தானைக்குள்ள வச்சுக்க"ன்னு சொன்னே. சொன்னியா இல்லியா? நான் வச்சுக்கிட்டேன். பிள்ளை கல்யாணம், ஒரு நாள் கூத்துன்னு நெனைச்சேன்.

டீயப் போட்டு, கெட்டில்ல ஊத்தி, கண்ணிய மாட்டி வச்சுட்டு நான் சேலை மாத்தப் போனேன். மாரி அடுப்படியில கேசரி கிண்டிக்கிட்டு இருந்தா. அந்த இடைவெளியில நீ மாரி கயிறு நறுக்குற பிளேட எடுத்து, ரெண்டு பக்கச் சடையையும் அறுத்துட்டே. கரியும் டீக்கறையும் பிடிச்சு அதுக ரெண்டும் கறுத்துப்போயி இருந்துச்சு, உன் கண்ணுக்கு அசிங்கம். மூடி மேல இருந்த பூ மட்டும் புதுசு மாதிரி இருந்துச்சு, அத விட்டுட்டே. பாக்குறதுக்கு அழகா இருந்தத வச்சுக்கிட்டு, பிடிச்சுக்கிட்டு இருந்தத வெட்டிட்டே. வெட்டுனதச் சொன்னியா? சொல்லல. கெட்டிலைச் சுத்தி ஒரு வெள்ளைத் துண்டக் கட்டி, "சூடு ஆறாம இருக்கும்மா"ன்னு சொல்லி நீயே முன் ரூமுல கொண்டாந்து வச்சே.

அவுக வந்தாக. உன் பொண்டாட்டி கவிதாவோட அத்தை, சாத்தூர்ல இருக்கிறவுக, என் பக்கத்துலயே வந்து உக்காந்து, "மதினி, உங்க டீயப் பத்தி தரகர் அம்புட்டு சொல்லிட்டாரு. உங்க கையாலயே ஊத்துங்க, குடிப்போம்"ன்னாக. எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? எந்திரிச்சேன். மூடி மேல பூ இருந்துச்சு. பூ இருந்தா சடை இருக்கும், வேறென்ன நெனைப்பேன்? எப்பவும் சாய்க்கிற மாதிரி சாய்ச்சேன். கீழ, அந்த அத்தையோட பேத்தி, பால் பல்லு விழாத பிள்ளை, முறுக்கக் கடிச்சுக்கிட்டு என் காலடியில உக்காந்திருந்துச்சு. மூடி கழண்டு விழுந்த சத்தமும் கொதிக்கிற டீ பாய்ஞ்சதும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. கேசரித் தட்டோட வந்த மாரி தட்டப் போட்டுட்டு குறுக்க விழுந்து, அந்தப் பிள்ளை தலைக்கு மேல தன் வலது கைய நீட்டிட்டா. பிள்ளைக்கு கவுன்ல ரெண்டு சொட்டு தெறிச்சதோட போச்சு. மாரிக்கு மணிக்கட்டுலேருந்து விரல் நுனி வரைக்கும்.

அத்தை பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பதறிட்டாக. "என்னம்மா இது, மூடிய நல்லாக் கட்டி வச்சிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டாக. கோபத்துல கேக்கல, பயத்துல கேட்டாக. அந்த நிமிசம் நீ 'நான்தான் வெட்டுனேன், எனக்குத் தெரியாமப் போச்சு'ன்னு சொல்லியிருந்தா, ஆண்டவன் சத்தியமாச் சொல்றேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக. அறியாம வெட்டுனது தப்பே இல்லைன்னு நானே சொல்லியிருப்பேன். நீ என்ன சொன்னே? நெனைப்பு இருக்கா? நான் மறக்கல. "மாரிதான் கட்டுனா அத்தை. சரியாக் கட்டல போல, அவுந்துருச்சு. அவ எப்பவுமே இப்படித்தான், எல்லாத்துலயும் அவசரம்."

தொட்டித் தண்ணிக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்னவ திரும்பி உன்னயப் பாத்தா. "அண்ணே"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. நீ "பேசிக்கிட்டு நிக்காத, போயி மருந்து போடு"ன்னு சொல்லிட்டு, வந்தவுகளுக்கு விசிறிவிடப் போயிட்டே.

அவுகளக் கார் ஏத்திவிட நீ போன பிறகு துண்ட அவுத்துப் பாத்தேன். அவுந்த முடிச்சுக்கும் அறுத்த முடிச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? திரி வெட்டுனவ நான். பிளேடு போட்டு வெட்டுன வெட்டு, பளிச்சுன்னு இருந்துச்சு. நீ வரட்டும்னு கெட்டிலைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். மாரி வெந்த கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே என் முன்னாடி வந்து நின்னா. "வேண்டாம்மா. இப்பப் போட்டு உடைச்சா சம்மந்தம் கலைஞ்சிரும். கல்யாணம் முடியட்டும். அண்ணன் தானாச் சொல்லும்"ன்னா. அண்ணன் தானாச் சொல்லும்! உன்னய அப்படி நம்புனா. நானும் வாய மூடுனேன். அதுக்காக என் மேல எனக்கு இருக்கிற கோபத்த நான் பாத்துக்கிறேன். அது உன் மேல இருக்கிற கோபத்தோட கலக்காது.

அதுக்கு அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சுன்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல, நான் சொல்றேன். கொப்புளம் உடைஞ்சு, தோலு உரிஞ்சு, சீழ் பிடிச்சு, விரல மடக்க முடியாமப் போச்சு. தை மாசக் கல்யாணப் பத்திரிகை ஆர்டரெல்லாம் வந்து குவியிற சீசன். அந்த நேரத்துல உன் மாமனார் உன் கல்யாணப் பத்திரிகைக்கு மாரி வேலை பாக்குற பிரஸ்ஸுக்கே போனாரு, நம்ம பிள்ளை இருக்கிற இடம்னு பிரியமாத்தான் போனாரு. கூடப் போன அத்தை சூப்பர்வைசர்கிட்ட சிரிச்சுக்கிட்டே, "உங்க கயிறாவது அவுறாம இருக்குமா? இங்கன வேலை பாக்குற பிள்ளை கட்டுன கெட்டில் மூடி எங்க பேத்தி தலையில விழப் பாத்துச்சே"ன்னு சொன்னாக. அவுகளுக்கு எது உண்மையோ அதச் சொன்னாக. நீ குடுத்த உண்மை. அது பிரஸ்ஸு முழுக்கப் பரவிருச்சு. முடிச்சுப் போடுறதுல கைகாரின்னு பேர் எடுத்தவ, வெந்த கையோட அங்கன போயி நின்னப்போ, "உனக்குக் கயிறு சரிப்படாதும்மா"ன்னு காலண்டர் தாளுக்கு மேல தகரப் பட்டை அடிக்கிற பக்கம் அடுக்கி வைக்கிற வேலைக்குத் தள்ளி விட்டாக. உன் கல்யாணப் பத்திரிகைக்கு யாரோ குஞ்சம் கட்டுனா. அவ தாள அடுக்கிக்கிட்டு அதத் தள்ளி நின்னு பாத்தா.

இதையும் நான் பொறுத்துப்பேன். நீ தாலி கட்டுன நேரத்துல நடந்தத நான் பொறுக்க மாட்டேன்.

மாப்பிள்ளை முதல் முடிச்சப் போட்டா மத்த ரெண்டு முடிச்ச நாத்தனா போடணும். கூடப் பொறந்தவளுக்கு இருக்கிற உரிமை அது, அத யாரும் குடுக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல. கல்யாணத்துக்கு முந்தி எத்தனையோ நாளா மாரி ஒரு மஞ்சக் கயித்த எடுத்து வச்சுக்கிட்டு, தூண்ல சுத்தி, முழுசா ஆறாத விரல்கள வச்சுக்கிட்டு முடிச்சு போட்டுப் போட்டுப் பழகுனா. கண்ணுல தண்ணி வரும், துடைச்சுக்கிட்டு மறுபடியும் போடுவா. "நடுங்காம ரெண்டு முடிச்சு போட்டுட்டாப் போதும்மா"ம்பா. மணவறையில உனக்குப் பின்னாடி பட்டுச் சேலையோட நின்னா. கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல கூட்டத்துலேருந்து யாரோ, "இதா அந்தக் கெட்டில் பிள்ளை? ஏப்பா, தாலிய இது கையில குடுக்காதீக, மூடி மாதிரிக் கழண்டுறப் போகுது"ன்னாக. எல்லாரும் சிரிச்சாக. நீயும் சிரிச்சே. நான் பாத்தேன்லே. மாலைக்குள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு நீ சிரிச்சே. சிரிச்சுட்டு, "அவளுக்குக் கை சரியில்ல, சித்தி மக போடட்டும்"ன்னு சொன்னே. என் தங்கச்சி மக வந்து போட்டா. மாரி ஒரு அடி பின்னால போனா. அட்சதைய இடது கையால போட்டா.

மேளம் அடிச்ச அடியில எனக்கு வந்த கோபம் யாருக்கும் கேக்கல. நீ தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிட்டு, இங்கனயும் வந்துட்டுக் கிளம்புறப்போ, ஊரே வெடிச் சத்தமா இருந்த நேரத்துல, உன்னயத் தனியாக் கூப்பிட்டு நான் கேட்டேன். "ஏலே, அந்தச் சடைய வெட்டுனது நீன்னு எப்பச் சொல்லப்போறே?" உன் முகம் வெளுத்துச்சு. தெரியுமா உனக்குன்னு கூடக் கேக்கல. "பழசக் கிளறாதம்மா. இப்ப என்ன கொறைஞ்சு போச்சு?"ன்னே. நாம நின்ன இடத்துலேருந்து பாத்தா, உள்ள மாரி இடது கையால சோறு பிசைஞ்சுக்கிட்டு இருந்தது தெரிஞ்சுச்சு. அதப் பாத்துக்கிட்டே கேட்டே, என்ன கொறைஞ்சு போச்சுன்னு.

அவ விழுந்தே கிடக்கல, அதையும் சொல்லிர்றேன். அடுக்கி வைக்கிற வேலையில நின்னுக்கிட்டே, வீட்டுல ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் துண்டுக் கயிற எடுத்து, ரெண்டு கையாலயும் முதல்லேருந்து படிச்சா. சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் முழுசா மடங்காது. அந்த விரல்கள விட்டுட்டு மத்த விரல்ல கட்டப் பழகிக்கிட்டா. ஒரு நாள் அவசர ஆர்டர், ஆள் பத்தல, சூப்பர்வைசர் வேற வழியில்லாமக் கூப்பிட்டு உக்கார வச்சாரு. அப்புறம் எந்திரிக்கச் சொல்லல. என் கெட்டிலுக்கும் புதுச் சடை போட்டுக் குடுத்தா, இந்தத் தடவை பச்சையும் தங்கமும். நான் இன்னைக்கும் அதத்தான் தூக்கிக்கிட்டுப் போறேன். இப்ப அவளக் கட்டிக்கப் போறவரு அதே பிரஸ்ஸுல மிஷின் ஓட்டுறவரு. பொண்ணு கேட்டு வந்தப்போ அவரு அம்மா "கெட்டில் கதையெல்லாம் கேள்விப்பட்டோம்"னு இழுத்தாக. அவரு குறுக்க விழுந்து, "அந்தச் சடைக் கெட்டில்லதாம்மா நான் தினமும் டீ குடிக்கிறேன். ஒரு நாளும் அவுந்ததில்ல. அவுந்துச்சுன்னா எவனோ வெட்டியிருப்பான்"ன்னாரு. யாரும் அவருக்குச் சொல்லல. யோசிச்சாரு, அம்புட்டுத்தான். யாரோ ஒரு அசலூரு ஆம்பளைக்கு அவ மேல இருந்த நம்பிக்கை, ஒரே வயித்துல பொறந்த உனக்கு இல்லாமப் போச்சேலே.

இந்த லட்சணத்துல நீ செல்லுல சொல்றே, கெட்டிலைத் தூக்கிப் போடுன்னு. உன் வாயில வந்த பொய்ய மறைக்க என் கெட்டிலை மறைக்கணுமா? மறைக்க மாட்டேன். அந்தக் கெட்டில் கல்யாண வீட்டுல நடுக்கூடத்துல இருக்கும். உன் மாமனாருக்கும் அத்தைக்கும் அதுலதான் டீ ஊத்துவேன், இந்தக் கைய முந்தானைக்குள்ள வைக்காம ஊத்துவேன். சீரு செய்றேன், நகை போடுறேன்னு நீ சொன்னதெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும். அவளுக்கு உன்கிட்டேருந்து வர வேண்டியது ஒண்ணுதான். சாத்தூர் அத்தை முன்னாடி, உன் மாமனார் முன்னாடி, அந்தச் சிரிச்ச கூட்டம் முன்னாடி நின்னு, 'வெட்டுனது நான், பழி போட்டது நான், அவ முடிச்சு ஒரு நாளும் அவுந்ததில்ல'ன்னு சொல்லணும். காதுக்குள்ள இல்ல, ஓரமாக் கூப்பிட்டு இல்ல. பழி போட்டப்போ சத்தமாத்தானே போட்டே? அதே சத்தத்துல சொல்லு. அதுக்கு முடியலைன்னா, அண்ணன்னு வந்து மணவறைப் பக்கம் நிக்காதே. பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாக.

வாழ்க்கையில தப்புப் பண்ணாதவன்னு ஒருத்தனும் கிடையாது. சின்னத் தப்பா இருக்கும்போதே 'நான்தான்'னு சொல்றவன் அத்தோட தப்பிச்சுக்கிருவான். சொல்லாதவனுக்கு அதக் காவல் காக்கிறதே பிழைப்பாப் போயிரும். இப்ப உன் பிழைப்பு அதுதான். ஒரு அலுமினியக் கெட்டிலப் பாத்துப் பயப்படுறே, படிச்ச பிள்ளை நீ. நாளைக்கு உன் வீட்டுல ஏதாவது கொட்டிக் கவுந்தா பக்கத்துல நிக்கிறவ மேலதானே கை காட்டுவே? அங்க பக்கத்துல நிக்கப்போறவ கவிதா. அத நெனைச்சுத்தான் இத எழுத உக்காந்தேன். எழுதப் போறேன்னு மாரிகிட்ட சொன்னேன். அன்னைக்கு மாதிரி குறுக்க வந்து நிப்பான்னு நெனைச்சேன். பேனாவ எடுத்துக் கையில குடுத்துட்டு, "எழுதும்மா"ன்னு மட்டும் சொன்னா.

இன்னொன்னு. உன் கல்யாணம் முடிஞ்சு நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுல இருந்த நாள்ல, மாரியால சீப்பப் பிடிக்க முடியலைன்னு, காலையில எந்திரிச்சதும் அவளுக்குத் தலை சீவிவிட்டவ கவிதா. நேத்து வந்த பிள்ளை, யாரும் சொல்லாமச் செஞ்சா. "எப்படி மதினி அவுந்துச்சு?"ன்னு ஒரு நாள் மெதுவாக் கேட்டா. மாரி உன்னயக் காட்டிக் குடுக்கல, "தெரியல"ன்னுட்டா. அந்தப் பிள்ளைக்குப் பதில் இன்னும் போய்ச் சேரல.

அதனால இந்தக் கடுதாசிக் கவர் மேல உன் பேர நான் எழுதல. கவிதா பேரத்தான் எழுதியிருக்கேன். நீ ஆபீஸ்ல இருக்கிற நேரத்துல வந்து சேரும், அவதான் பிரிப்பா. 'ஏலே'ன்னு ஆரம்பிச்சிருக்கிறதப் பாத்துட்டு உனக்குத்தான்னு தெரிஞ்சுக்குவா, ஆனாலும் மாமியா எழுத்துன்னு முழுசாப் படிப்பா. படிக்கணும்னுதான் அனுப்புறேன். இந்த வரிக்கு நீ வந்து சேருறப்போ அவ எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டு உன் எதுத்தாப்புலதான் நிப்பா.

எனக்குப் பதில் எழுதாதே. தலையத் தூக்கி அவளப் பாத்துச் சொல்லு.